அலமாரிக்குள் நெருப்பு

இன்று மாலை ஏழு மணிக்குக் குடிநீர் இலாகாவை எரித்துச் சாம்பலாக்கிவிடுவது என்று அவர் சபதம் எடுத்தபோது, இரண்டு கைகளிலும் இரண்டு வாளித் தண்ணீர் இருந்தது. மூன்றாவது மாடி. ஐம்பத்து நாலு படி. ஐந்து நாளாக வீட்டுக் குழாயில் காற்றுதான் வருகிறது. அதுவும் சும்மா வருவதில்லை, கேலி செய்துவிட்டுப் போகிறது.

படியில் கீழ்வீட்டு வேன் டிரைவர் எதிரே வந்தார். அவர் கையிலும் வாளி.

"பாருங்க சார், இன்னிக்கு நெருப்பு அண்ணன் இவனுங்கள விடமாட்டாரு. மனுசன்னா அவர்தான் சார்! யாருக்கும் பயப்படாத ஆளு."

"அப்படியா? நான் அதெல்லாம் கேட்கிறதில்லை" என்றார் அவர். வாளி தளும்பியது. பெருமையில் தளும்பியதுதான்.

ஏனென்றால் நெருப்பு அவர்தான். பகலில் ஓர் அச்சகத்தில் புரூப் பார்த்துப் பிழை திருத்துபவர். மாலை ஏழு மணி அடித்தால் இணையத்தில் அரை மணி நேரம் நேரலையில் முழங்குகிற நெருப்பு. நிகழ்ச்சியின் பெயர் 'ஒளிவுமறைவு இல்லாமல்'. நடப்பது படுக்கையறைத் துணி அலமாரிக்குள். துணிகளுக்கு நடுவே உட்கார்ந்தால் எதிரொலி இருக்காது. முகமும் தெரியாது, பெயரும் தெரியாது.

எந்தப் பக்கமும் சாயாதவர். திங்கள் ஆளுங்கட்சி, செவ்வாய் எதிர்க்கட்சி, புதன் இரண்டும், வியாழன் இவர்களுக்கு ஓட்டுப் போட்டவர்கள், வெள்ளி ஓட்டுப் போடாதவர்கள் என்று முறை வைத்துத் திட்டுவார். நடுநடுவே நகைச்சுவையும் உண்டு. பிரச்சினை ஒன்றுதான். அவருடைய முதலாளி எல்லாக் கட்சிக்கும் சுவரொட்டி அடிப்பவர். அவர் காதுக்குப் போனால் நெருப்பை அன்றே அணைத்துவிடுவார்.

இந்த ரகசியம் தெரிந்த ஒரே ஆள் மனைவி. அவள் அதே குடிநீர் இலாகாவின் புகார் மையத்தில் போன் எடுப்பவள்.

தண்ணீர் நின்ற முதல் நாளே அவள் சொன்னாள். "என்னங்க, மையத்துக்கு ஒரு போன் போட்டு உங்க பேர்ல புகார் குடுங்க. எங்க வீட்டுப் புகாரை நானே எழுதக் கூடாது, அது விதி."

"நான் போன் போட்டு வரிசையில நிக்கிற ஆளா? நிகழ்ச்சியில வச்சுக் கிழிக்கிறேன் பார்."

"கிழிச்சா தண்ணி வராதுங்க. பேர் குடுத்தாத்தான் வரும்."

இன்னொன்றும் மூன்று தடவை சொல்லியிருந்தாள். இன்றைக்கு மட்டும் டியூட்டி மாறிவிட்டது, மதியம் இரண்டுக்குப் போய் ஒன்பதுக்குத்தான் வருவேன் என்று. மூன்று தடவையும் அவர் அமைச்சரவை மாற்றச் செய்தியைப் படித்துக்கொண்டிருந்தார். எந்த அமைச்சருக்கு எந்த இலாகா மாறியது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். மனைவிக்கு என்ன மாறியது என்று கேட்டால் விழிப்பார்.

ஏழு மணி. வீட்டில் மனைவி இல்லை. அக்கா வீட்டுக்குப் போயிருப்பாள் என்று நினைத்துக்கொண்டு அலமாரிக்குள் புகுந்து கதவைச் சாத்தினார். முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"நண்பர்களே! ஐந்து நாள்! குழந்தைக்குக் கால் கழுவத் தண்ணீர் இல்லாத தெருவில், இலாகா வாசலில் புல்வெளிக்குத் தண்ணீர் பீய்ச்சுகிறார்கள்! இதோ, உங்கள் முன்னாலேயே அந்தப் புகார் மையத்தைக் கூப்பிடுகிறேன். கேளுங்கள், எப்படிப் பம்முகிறார்கள் என்று!"

ஸ்பீக்கரைப் போட்டார். மணி அடித்தது.

"வணக்கம் சார், புகார் மையம். உங்களுக்கு என்ன உதவி வேணும்?"

தேன் போன்ற குரல். 'வணக்கம் சார்' என்று அவரிடம் வீட்டில் யாரும் சொன்னதில்லை. அதனால் அவருக்குக் குரல் பிடிபடவில்லை.

"உதவியா? ஏம்மா, வெக்கமா இல்லை? அஞ்சு நாளா தூங்குறீங்களா? ஏசி ரூம்ல உட்கார்ந்து நகத்துக்குச் சாயம் பூசிக்கிட்டு..."



"சாயம் காயட்டும் சார். நீங்க சொல்லி முடிங்க."

முந்நூற்றுப் பன்னிரண்டு பேரில் பாதிப் பேர் சிரிப்புப் பொம்மை அனுப்பினார்கள். தனக்குத்தான் என்று நினைத்து அவர் மேலும் எரிந்தார். ஊழல், ஒப்பந்தம், துருப்பிடித்த குழாய், துருப்பிடித்த மூளை. மூச்சு வாங்கியபோது அந்தக் குரல் மெதுவாக வந்தது.

"முடிஞ்சுதா சார்? இப்ப நான் ஒண்ணு சொல்லலாமா? ஒரு நாளைக்கு நூத்தி இருபது பேர் என்னைத் திட்டுறாங்க. குழாயை நான்தான் உடைச்ச மாதிரி, தண்ணிய நான்தான் குடிச்ச மாதிரி. உங்க தெருவுல இருந்து மட்டும் இந்த அஞ்சு நாள்ல எண்பத்தி மூணு அழைப்பு. பேரு கேட்டதும் எண்பத்தி மூணு பேரும் போனை வச்சுட்டாங்க. பதிவான புகார் எத்தனை தெரியுமா சார்? ஒண்ணுகூட இல்லை. பேர் இல்லாத புகாருக்குப் பழுது பார்க்க ஆள் அனுப்ப மாட்டாங்க. அதுதான் மேல இருக்கிறவங்களுக்கு வசதி. வாயால திட்டுறவன்கிட்ட அவங்களுக்குப் பயமே இல்லை. கையெழுத்துப் போடுறவன்கிட்டதான் பயம். உங்க பேர் சொல்லுங்க சார்."

அலமாரிக்குள் வியர்த்தது.

"பேர் எதுக்கு? நான் மக்களோட குரல்!"

"குரலுக்குப் பழுது பார்க்க முடியாது சார். வீட்டு எண்ணும் பேரும் வேணும்."

திரையில் கேட்பவர்கள் எழுதத் தொடங்கினார்கள். 'சொல்லுங்க அண்ணே.' 'பேர்தானே, என்ன பயம்?' 'நெருப்புக்கே சுடுதா?'

"சரி, என் வீட்டுக்காரி பேர்ல போட்டுக்கோங்க."

"அவங்க சம்மதிப்பாங்களா சார்?"

"என் வீட்டுல நான் சொல்றதுதான் சட்டம். நான் கிழிச்ச கோட்டைத் தாண்ட மாட்டா."

"அப்படிங்களா. அவங்க எங்க வேலை செய்றாங்க?"

"உங்க இலாகாவுலதான்."

"அப்ப செல்லாது சார். விதி. நீங்கதான் வரணும்."

அவருக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. கோபம் ஏறினால் அறிவு இறங்கும்.

"என்னை மிரட்டுறியா? நான் யாருன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா சொல்லலாமா சார்? உங்க அனுமதி வேணும்."

"சொல்லு பார்ப்போம்! முந்நூறு பேர் கேட்கிறாங்க! அனுமதி குடுத்தேன், சொல்லு!"

அந்தக் குரல் அவருடைய பெயரைச் சொன்னது. இனிஷியலோடு, அப்பா பெயரோடு, வீட்டு எண்ணோடு, மாடியோடு. நிறுத்தி, தெளிவாக, ஒரு புரூப் திருத்தம்கூடத் தேவைப்படாத சுத்தத்தோடு.

"புகார் பதிவாயிடுச்சு சார். நாளைக்குக் காலையில பத்து மணிக்கு வட்ட அலுவலகத்துல நேர்ல வந்து கையெழுத்துப் போடணும். வரலைன்னா ரத்தாயிடும், தெருவுக்கே தண்ணி வராது. அப்புறம் சார், அலமாரியில சாய்ஞ்சு உட்காராதீங்க. என் யூனிபார்ம் இஸ்திரி போட்டு மாட்டியிருக்கேன். வேற ஏதாவது உதவி வேணுமா?"

அவர் பதில் சொல்வதற்குள் இரண்டு மாடிக்குக் கீழேயிருந்து வேன் டிரைவரின் கூச்சல் எழும்பி வந்தது.

"சார்ர்ர்! நீங்களா சார் அது?"

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு வேன் வாசலில் நின்றது. "ஏறுங்க நெருப்பு" என்றார் டிரைவர். பின்னால் தெருக்காரர்கள் பத்துப் பேர் ஏறினார்கள், டிரைவரையும் சேர்த்து எல்லோரும் தத்தம் பெயரோடு. அலுவலகத்தில் அவர் கையெழுத்துப் போட்டார். போடும்போதே படிவத்தில் இருந்த மூன்று எழுத்துப் பிழைகளைத் திருத்தினார். பெயர் போட்ட பன்னிரண்டு தாள்களைப் பார்த்த பொறியாளர் முதல் தடவையாக நாற்காலியை விட்டு எழுந்தார். பிற்பகல் மூன்று மணிக்குத் தெருவில் குழி தோண்டினார்கள். ஐந்து மணிக்குக் குழாய் இருமியது, துப்பியது, பிறகு ஊற்றியது.

ஐந்தரைக்கு முதலாளியின் போன். அவர் எழுந்து நின்று எடுத்தார்.

"நீதானாய்யா அந்த நெருப்பு? வேலைய விட்டுத் தூக்கணும்னுதான் இருந்தேன். நேத்துப் பேசின அம்மா உன் வீட்டுக்காரியாமே?"

"ஆமாங்க."

"போய்யா. அதுக்கு மேல நான் என்ன தண்டனை குடுக்கப்போறேன்? நாளைக்கு வேலைக்கு வா."

அன்று மனைவிக்கு வார விடுமுறை. ஏழு மணிக்கு அவர் அலமாரியைத் திறந்தபோது இரண்டாயிரம் பேர் காத்திருந்தார்கள். எல்லோரும் ஒன்றையே எழுதியிருந்தார்கள்: 'அந்தப் புகார் மைய அம்மா இன்னிக்கு வருவாங்களா?'

அவர் அடுக்களை வாசலில் போய் நின்றார்.

"ஏம்மா... கொஞ்சம் வந்து பேசிட்டுப் போறியா?"

"அஞ்சு நாள் பாத்திரம் கிடக்கு. யார் தேய்க்கிறது?"

அவர் சட்டைக் கையை மடித்தார். அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு அலமாரிக்குள் போய் உட்கார்ந்தாள். கதவு சாத்திக்கொண்டது. "வணக்கம்" என்ற தேன் குரல் கேட்டது. நெருப்பு, தன் பெயரில் பதிவாகி வந்த தண்ணீரை முழுசாகத் திறந்துவிட்டார்.

உள்ளேயிருந்து சத்தம் வந்தது:

"என்னங்க, குழாயைச் சின்னதா வைங்க, இங்க கேட்குது!"