மூலையை அழுத்தச் சொன்ன மச்சானுக்கு

ஆம்பூர்,
சனிக்கிழமை

போன் போட்டால் எடுக்காத மரவேலை மன்னன், காட்பாடி பரணிதரன் மச்சானுக்கு, உன் அக்கா புருசன் சின்னசாமி வணக்கத்தோடு எழுதிக்கொள்வது. நாங்கள் இங்கே சுகம் என்று எழுத ஆசைதான், உன் அக்கா எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், பொய் எழுத முடியாது. நீங்கள் சுகமாகத்தான் இருப்பீர்கள், ஏன்னா மரம் சீவுற உன் இழைப்புளி இப்ப என் வீட்டில் இருக்கிறது.

விஷயம் இன்னான்னா, வீட்டிலேயே ஷூவுக்கு மேல்தோல் தைக்கிற வேலை உன் அக்காவுக்கு வந்திருக்கிறது. திங்கட்கிழமை ஏஜென்ட் சத்தார் பாய் சாம்பிள் ஜோடி பார்க்க வருவார். தோலில் ஒரு கீறல் இருந்தாலும் வேலை அடுத்த தெரு ஜோதிக்குப் போய்விடும். தைக்கிற மேஜைக்குப் பலகை வாங்கி, நீ பொங்கலுக்குக் கொடுத்த இழைப்புளியால இழைச்சேன். பிளேடோட ரெண்டு மூலையும் பலகையில கோடு கோடா கிழிச்சிடுச்சு. அந்தக் கோட்டுல உரசினா தோல் கீறும். உப்புத்தாள் போட்டா மணல் மரத்துல ஒட்டிக்கிட்டு அதுவும் கீறுமாம். அன்னிக்கு ஒரு தரம்தான் நீ போனை எடுத்த, உன்னைக் கேட்டேன். "ஒண்ணும் இல்ல மாமா, சாணைக்கல்லுல ரெண்டு மூலையையும் கொஞ்சம் ஜாஸ்தி அழுத்தித் தேய், முனை லேசா வளைஞ்சிடும், கோடு விழாது"ன்னுட்டு போனை வெச்சுட்ட. கொஞ்சம்னா எவ்வளவுன்னு சொன்னியாடா?

நான் அழுத்தினேன். இது தோல் கட்டு தூக்கின கை. பிளேடு கட்டைவிரல் நகம் மாதிரி ஆயிடுச்சு. இழைச்சா நடுவுல மட்டும் தோண்டுது. உன் அக்கா பார்த்துட்டு, "இன்னாயா, மேஜை கேட்டா வாய்க்கால் வெட்டி வெச்சிருக்க?"ன்னா. சரின்னு நடுவைத் தேய்ச்சு வளைவைக் கம்மி பண்ணேன். வளைவு இடது பக்கமா ஒதுங்கிடுச்சு, சீவல் ஒரு ஓரம் அப்பளம் கனம், மறு ஓரம் ஒண்ணுமே இல்ல. பார்த்தா என் கல்லே ஒரு ஓரமா குழிஞ்சு கிடக்குது, எல்லாம் அருவாமனை தீட்டித் தீட்டி வந்த குழி. கல்லை சிமெண்டுத் தரையில தேய்ச்சு சமம் பண்ணேன். தரை போச்சு. அதுக்குத் தனியா திட்டு.

கடைசியா, தோலுல தீட்டினா கூர் ஏறும்னு பக்கத்து வீட்டு தேவசகாயம் சொன்னார். ஆம்பூர்ல தோலுக்கா பஞ்சம்? தோல் கம்பெனியில கெஞ்சி, இருக்கிறதுலயே ஒசத்தியா, வெண்ணெய் மாதிரி ஆட்டுத்தோல் துண்டு வாங்கிட்டு வந்து முந்நூறு தரம் தீட்டினேன். பிளேடுல மூஞ்சி பார்த்து மீசை வாரலாம், மரத்துல வெச்சா வழுக்கிக்கிட்டுப் போகுது. மெத்துன்னு இருக்கிற தோல் அமுங்கி முனையை மழுக்கிடுமாம், கெட்டியான செருப்பு அடித்தோல்தான் வேணுமாம். சொன்னது யாரு? அதே தேவசகாயம். எப்ப? தீட்டி முடிச்ச அப்புறம்.

மச்சான், எனக்கு வெறுத்துப்போச்சு. உன் அக்கா திட்டறதைக்கூட நிறுத்திட்டா. சாம்பிள் தோலை மடியில வெச்சுக்கிட்டு, உட்கார்ந்து பலகையையே பார்க்கறா. அதைத்தான் என்னால தாங்க முடியல. காட்பாடிக்கு டூட்டிக்குப் போற தேவசகாயம் கையிலதான் இதைக் கொடுத்தனுப்பறேன். நாளைக்கு முதல் ரயிலைப் பிடிச்சு, குழியில்லாத கல்லோட வந்து சேர்.

உன் சம்சாரத்துக்கு எங்கள் அன்பு. பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம். உனக்கான ஆசீர்வாதம் பலகையைப் பார்த்துவிட்டுத்தான்.

இப்படிக்கு,
கை காய்ச்சுப்போன மாமா
சின்னசாமி

பின்குறிப்பு: நான் கையெழுத்துப் போடறதுக்குள்ள உன் அக்கா எழுந்து பலகையைத் திருப்பிப் போட்டா. மரக்கடைக்காரன் ஒரு பக்கத்தை மிஷின்லயே இழைச்சுக் கொடுத்திருக்கான், தடவினா கை வழுக்குது. நாலு நாளா நான் இழைச்சது அடிப்பக்கம். இப்ப ஒரு ஷூவுக்கு மேல்தோல் தைச்சே முடிச்சுட்டா, ஒரு கீறல் கிடையாது. நீ வர வேணாம். வந்தாலும் கல்லைத் தூக்கிட்டு வராத. இழைப்புளிப் பேச்சை எடுக்கறவனுக்கு இந்த வீட்ல சோறு கிடையாதாம். நம்ம ரெண்டு பேரையும் சேர்த்துத்தான் சொன்னா.