மில்லிமீட்டரில் நூறில் ஒன்று

காரைச் சரிசெய்யக் கூடாது என்று முடிவெடுத்த அன்றுதான் நான் அதைச் சரிசெய்யத் தொடங்கினேன். இதில் முரண் எதுவும் இல்லை. கல்யாணமானவர்களுக்கு விளங்கும்.

என் மனைவி பச்சிளங்குழந்தைகள் வார்டில் நர்ஸ். நாற்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பெரிய மருத்துவமனை ஒன்று, அந்த வார்டுக்கே தலைமை நர்ஸாக வரச்சொல்லி அவளுக்குக் கடிதம் அனுப்பியது. அந்தப் பக்கம் போகும் பஸ் நேரமும் அவளுடைய டியூட்டி நேரமும் ஒன்றையொன்று முகம் பார்த்ததே இல்லை. போவதென்றால் காரில்தான். எங்கள் காரோ ஒரு வருடமாகக் கொட்டகையில் நிற்கிறது. எண்ணெயைக் குடித்துப் புகையாக விட்டுக்கொண்டிருந்தது. பிறகு அதற்கும் சலித்துவிட்டது.

"எஞ்சினை நானே பிரிச்சு மாட்டுவேன்னு ஒரு வருஷமா சொல்லிட்டிருக்கீங்களே, இப்பப் பண்ணுங்களேன்" என்றாள்.

அவளுக்கு உயர்வு வருவது எனக்குப் பிடிக்காமல் இல்லை. அவள் இல்லாத வீடுதான் பிடிக்காது. அவள் வந்து வாசலில் செருப்பைக் கழற்றிய பிறகுதான் எனக்குச் சாயங்காலமே தொடங்கும். இதை அவளிடம் வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் பாடநூல் அச்சகத்தில் பிழை திருத்துபவன். பிறர் சொன்னதைத் திருத்துவேன். சொந்தமாக ஒரு வாக்கியம் சொல்ல நாக்கு எழாது. ஆகவே சதி செய்தேன்.

சதியின் பெயர் துல்லியம். ஒரு வேலையை முடிக்காமல் இருக்கச் சோம்பலைவிடச் சிறந்த வழி, அதை மிகமிகச் சரியாகச் செய்ய முனைவது. சோம்பேறியை யாரும் திட்டலாம். அளந்துகொண்டிருப்பவனை யார் திட்டுவது?

எஞ்சினைப் பிரிக்கப் பக்கத்து வீட்டு லேத்காரர் உதவினார். சிலிண்டருக்குள் விரலை விட்டுத் தடவினார்.

"மேல தேஞ்சிருக்கு சார். பட்டறைக்குக் கொண்டாங்க. அரை நாள்ல அளந்து, கடைஞ்சு, கொஞ்சம் பெரிய பிஸ்டனாப் போட்டுடலாம்."

"விரலால பார்த்துச் சொல்ற விஷயமா இது? நானே முறைப்படி அளக்கப் போறேன்."

"எதை வெச்சு?"

"அதைத்தான் இனிமே தேர்ந்தெடுக்கணும்."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் பரிவு இருந்தது.

அன்றிலிருந்து என் மடியில் கருவிகளின் கேட்டலாக்.

"என்னங்க இது, பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி?"

"அளவுக்கருவி தேர்ந்தெடுக்கிறேன்."

"வீட்டுலதான் ஒண்ணு இருக்கே, நீளமா, வாயைப் பிளந்துட்டு?"

"அது வெர்னியர். அதை நம்பி எஞ்சினைத் தொடலாமா? மில்லிமீட்டர்ல நூறுல ஒரு பங்கு தெரிஞ்சாகணும்."

"அப்படின்னா எவ்வளவு?"

"உன் தலைமுடி ஒண்ணை எடுத்து, நீளவாக்குல ஆறா ஏழா கிழிச்சா, அதுல ஒரு இழை."

"நரைச்ச முடியா, கறுத்த முடியா?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு நிம்மதியாகச் சாப்பிட்ட கணவன் உலகத்தில் இல்லை. நான் பக்கத்தைப் புரட்டினேன்.

முதல் இரண்டு வாரம் மைக்ரோமீட்டர் என்ற திருகு அளவிக்குப் போயிற்று. எண்ணைக் காட்டும் திரை உள்ளதா, கோடுகளை எண்ணிப் படிப்பதா? திரையில் பேட்டரி தீரும். கோட்டில் என் கண் தீரும். கடைசியில் கோடு உள்ளதையே வாங்கினேன். கண்ணாடி மாற்றிக்கொள்ளலாம்.

மூன்றாவது வாரம் போர் கேஜ் வாங்கினேன். சிலிண்டருக்குள் இறக்கி லேசாக ஆட்டினால் உள்விட்டம் சொல்லும் கருவி. தலையில் கடிகாரம்போல் ஒரு முகம். ஆனால் தானாக எதையும் சொல்லாது. முதலில் மைக்ரோமீட்டரில் அளவு வைத்துக் கொடுக்க வேண்டும். மைக்ரோமீட்டர் சொல்வது உண்மையா என்று பார்க்க ஓர் எஃகுத் துண்டு வேண்டும். எஃகுத் துண்டு உண்மையா என்பதற்குச் சான்றிதழ் வேண்டும். படிக்கப்படிக்க என் மனம் குளிர்ந்தது. இந்தச் சங்கிலிக்கு முடிவே இல்லை!

"சான்றிதழ் தபால்ல வரணும். அதுக்கு முன்னாடி எஃகைத் தொடறது பாவம்" என்றேன்.

"அவசரப்படாதீங்க. நிதானமா நல்லதாப் பாருங்க."

நான்காவது வாரம் இன்னொரு புதையல் கிடைத்தது. இரும்பு சூட்டில் விரியும். ஆகவே இந்த அளவுகளெல்லாம் இருபது டிகிரியில்தான் உண்மை. கொட்டகைச் சுவரில் ஒரு தெர்மாமீட்டரை மாட்டிவிட்டு அதன் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். அது இருபத்தொன்பதில் நின்றது. மகிழ்ச்சியோடு காத்திருந்தேன்.

பிழை திருத்துபவன் என்ற முறையில் ஒன்று சொல்லிவைக்கிறேன். நுட்பம் வேறு, துல்லியம் வேறு. அம்பு எய்தால் குறி எங்கே இருக்கிறதோ அங்கே தைப்பது துல்லியம். ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில், ஆனால் தப்பான இடத்தில் தைப்பது நுட்பம். அந்த வகையில் நான் மிக நுட்பமான கணவன்.

ஆறாவது வாரம், ஒரு வியாழக்கிழமை, அவள் பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"எங்க கிளம்பறே?"

"விடுதிக்கு. அடுத்த வாரம் விட்டு வர்ற திங்கட்கிழமை வேலையில சேரணும். இப்பவே கொஞ்சம் கொஞ்சமா எடுத்து வெக்கிறேன்."

"நீதான் இன்னும் பதிலே எழுதலையே!"

"கடிதம் வந்த அன்னைக்கே எழுதிட்டேனே."

"கார்தான் இல்லையே!"

"அதனாலதான் விடுதி. ரூமுக்கு ரெண்டு கட்டில். ஞாயித்துக்கிழமைக்கு ஞாயித்துக்கிழமை வந்து உங்களைப் பார்த்துட்டுப் போவேன்." ஒரு புடவையின் மடிப்பை நீவினாள். "கார் இருந்தா தினமும் வீட்டுக்கு வந்துடலாம். பரவாயில்லை, நீங்க அவசரப்படாதீங்க. துல்லியம் முக்கியம்."

அவளைக் கொண்டுபோகும் என்று நான் பயந்த கார்தான் அவளைத் திரும்பக் கொண்டுவரும் கார். ஐந்து வாரமாக அவளுக்கு நானே பெட்டி கட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

லேத்காரர் வீட்டுக் கதவைத் தட்டினேன்.

"வாங்க சார். சான்றிதழ் வந்துடுச்சா?"

"அது கிடக்கட்டும். இன்னும் பதினோரு நாள்தான் இருக்கு. விரலாலயே அளந்து ஏதாவது பண்ணுங்க!"

"அதெப்படி?" பின்னாலிருந்து கேட்டது என் மனைவியின் குரல். "வாங்கினது சும்மா கிடக்கவா? முறைப்படி அளந்துதான் கடையணும். நான் தினம் அந்த வண்டியில போகணும் அண்ணா."

அளந்தோம். ஒரே சிலிண்டரை நான் மூன்று முறை அளந்தால் மூன்று விடை வந்தது. கருவியில் குறை, அதை மாற்ற வேண்டும் என்று அறிவித்தேன்.

"இப்படிக் கொடுங்க."

வாங்கினாள். எடுத்தவுடன் அளக்கவில்லை. கருவியை ஒரு துணியில் வைத்து ஆறவிட்டாள். பிறகு இரண்டே விரலால் மைக்ரோமீட்டரைத் திருகினாள். 'டிக்' என்று ஒரு சத்தம் வந்ததும் நிறுத்திவிட்டாள். போர் கேஜை உள்ளே இறக்கி, தொட்டில் ஆட்டுவதுபோல ஆட்டினாள். மேலே, நடுவில், அடியில். குறுக்கே ஒன்று, நெடுக்கே ஒன்று. மூன்று முறையும் ஒரே விடை.

லேத்காரர் தொப்பியைக் கழற்றினார்.

"எப்படி?" என்றேன்.

"முக்கால் கிலோக் குழந்தையை இந்தக் கையாலதானே தூக்கறேன். நீங்க இறுக்கிப் பிடிக்கறீங்க. உங்க கைச் சூட்டுலயே அது விரிஞ்சுடுது. கொஞ்சம் விட்டுப் பிடிங்க. அது எங்கயும் ஓடிப் போயிடாது."

கருவியைப் பார்த்துத்தான் சொன்னாள். நான் துடைக்கும் துணியைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

அடுத்த நாட்களில் அவள் அளந்தாள், லேத்காரர் கடைந்தார், நான் துடைத்தேன். பிஸ்டன்கள் எண்ணெய் பூசிக்கொண்டு சத்தமில்லாமல் இறங்கின. அடுத்த வாரச் சனிக்கிழமை பிற்பகல் எஞ்சின் இருமியது, தொண்டையைச் செருமியது, பிறகு பூனை மாதிரி உறுமிக்கொண்டே இருந்தது. நான் அழவில்லை, கண்ணில் கிரீஸ் பட்டுவிட்டது.

சாவியை அவளிடம் நீட்டும்போதுதான் அது உறைத்தது.

"உனக்குத்தான் கார் ஓட்டவே தெரியாதே!"

இதை முதல் நாளே சொல்லியிருந்தால் போதுமே! கேட்டலாக் எதற்கு? எஃகுத் துண்டு எதற்கு?

"அது உங்களுக்கு எப்பத் தோணுமோன்னு நானும் பயந்துட்டேதான் இருந்தேன்" என்று சொல்லிக் கைப்பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்துக் காட்டினாள். அவள் படம், அவள் கையெழுத்து, ஓட்டுநர் உரிமம். இருபது நாள் பழசு.

"எப்பக் கத்துக்கிட்டே?"

"தினமும் காலையில டியூட்டிக்கு முன்னாடி ஒரு மணி நேரம். நான் கிளம்பிப் போனதே உங்களுக்குத் தெரியலை. தெர்மாமீட்டரையே பார்த்துட்டிருந்தீங்க."

ஞாயிறன்று ஒத்திகைக்காக அந்த மருத்துவமனை வரை போனோம். அவள் ஓட்டினாள்; நான் பக்கத்தில் உட்கார்ந்து இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டு வந்தேன். வாசலில் நிறுத்தி இறங்கியவள், இரண்டாம் மாடியின் ஜன்னல்களை அண்ணாந்து பார்த்தாள்.

"அந்த வரிசை பூரா நம்ம வார்டு. இருபத்திரண்டு தொட்டில்."

அந்த முகத்தை நான் பல வருடமாகப் பார்க்கவில்லை. இதற்குக் குறுக்கேயா மைக்ரோமீட்டரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்?

"ஒண்ணு சொல்லணும். நான் வேணும்னேதான் இழுத்தடிச்சேன்."

"தெரியும்."

"நீ வீட்டுல இல்லைன்னா எனக்கு…" வாக்கியம் அங்கேயே நின்றது.

"அதுவும் தெரியும்" என்றாள். என் சட்டைக் காலரில் இருந்த கிரீஸைத் துடைத்துவிட்டுக் காரைத் திருப்பப் போனாள்.

அவளை இழக்கவிருந்த இடத்தை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. வாசலில் நின்ற காவலாளியிடம் போய், நர்ஸுகள் தங்கும் விடுதி எந்தப் பக்கம் என்று கேட்டேன்.

"விடுதியா? அதெல்லாம் இங்க கிடையாது சார். எல்லாரும் வீட்டுலேர்ந்துதான் வந்து போறாங்க. வண்டி வசதி இல்லாதவங்க இந்த வேலைக்கே வர முடியாதே."

அந்தப் பதினோரு நாளும் அளந்துகொண்டே இருந்திருந்தால் நான் ஜெயித்திருப்பேன்.