மூன்றாம் அத்தியாயத்துக்கு அக்காவின் ஆட்சேபணை

அன்புள்ள தம்பி உருளைக்கு,

அக்கா எழுதுவது. எழுதுவது என்றால் சொல்வது. எழுதுகிற கை உன் அத்தானுடையது. காலையில் என் விரல்கள் பேனாவைப் பிடிக்க ஒத்துக்கொள்வதில்லை, பதினோரு மணிக்கு மேல்தான் அவை வேலைக்கு வரும். நலமா என்று கேட்டால் வழக்கம்போல என்று சொல்வேன், அதற்கு என்ன அர்த்தம் என்று உனக்கே தெரியும். நீயும் உன் வீட்டுக்காரியும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். முப்பது வருஷம் அலுவலகத்தில் டைப் அடித்தவர் என்பதால் அத்தான் கடிதத்தின் தலையில் "பொருள்: மூன்றாம் அத்தியாயம், ஆட்சேபணை தெரிவித்தல் தொடர்பாக" என்று போட்டுவிட்டார். கோடு போட்டு அடிக்கச் சொன்னேன். அடித்தும் நன்றாகப் படிக்க முடிகிறது.

உன் புது நாவலின் தாள்கட்டு போன வாரம் வந்தது. "வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது, அதில் நீ இருக்கிறாய், ஆகவே 'சரி' என்று ஒரு வரி எழுதினால்தான் கொடுப்பேன்" என்று எழுதியிருந்தாய். ஒரு வரிக்கு வந்த பாட்டைக் கேள். கட்டுக்கு நீ போட்ட கிளிப்பைத் திறக்க எனக்குத் தெம்பு ஏது? அடுப்படி இடுக்கியால் நெம்பினேன். அது எகிறிப் போய் அத்தானின் டீயில் விழுந்தது, தாள்கள் தரை முழுக்கப் பரவின. அவர் பொறுக்கி அடுக்கிக் கொடுத்தார். ஆனால் பக்க எண் போட உனக்குத்தான் சோம்பலாயிற்றே. இரண்டாம் அத்தியாயத்துக்குப் பிறகு நான் ஒன்பதாம் அத்தியாயத்தைப் படித்தேன். அதில் சமையல்காரர் செத்துப்போகிறார், அடுத்த தாளில் சூப் கிண்டுகிறார். அடடா, தம்பி காலத்தையே மடித்துவிட்டான் என்று எனக்குப் புல்லரித்துவிட்டது. சின்ன வயதிலிருந்து ராக்கெட் கதையாகப் படித்துத் தள்ளியவள் நான், இப்படி ஒரு மடிப்பைப் பார்த்ததே இல்லை. அத்தானையும் உட்கார வைத்து ஒரு மணி நேரம் விளக்கினேன். அவரும் புரிந்ததாகத் தலையாட்டினார்.

ஒன்று மட்டும் இடித்தது. உன் விண்கப்பலில் திசை பார்க்கிறவள் நான்தான். மோவாயில் என் மச்சம், கதவைத் திட்டிக்கொண்டே திறக்கும் என் பழக்கம், என் முடக்குவாதம், எல்லாம் முதல் அத்தியாயத்திலேயே இருக்கிறது. அப்படிப்பட்டவள் ஒன்பதாவதில் ஏணியிலிருந்து குதிக்கிறாள். என் முழங்காலை வைத்துக்கொண்டு எப்படியடா குதிப்பது என்று தேடினால், மறுநாள் ஆஸ்பத்திரியில் மூன்றாம் அத்தியாயம் கையில் சிக்கியது. மாதாமாதம் ரத்தம் எடுத்து ஊசி போடுகிற நாள் அது. கண்ணாடிப் பெட்டிக்குள் அவளைப் படுக்க வைக்கிறாய், நாலு நிமிஷம், நோய் போய்விட்டது. நான் "நாலு நிமிஷமா!" என்று சத்தமாகவே கேட்டுவிட்டேன் போலிருக்கிறது. அதற்குள் என் டோக்கனை மூன்று தடவை கூப்பிட்டு, அடுத்தவர் உள்ளே போய்விட்டார்.

உருளை, நான் குறை சொல்கிற ஆள் இல்லை. வாலில் மூளை வைத்திருக்கும் ஜந்துவை நம்பினேன். சூரியனைக் கயிறு கட்டி இழுத்தாய், என்ன கயிறு என்றுகூடக் கேட்கவில்லை. ஆனால் பத்தொன்பது வருஷ நோயை நாலு நிமிஷத்தில் தீர்ப்பது முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற கதை. நர்ஸம்மாவுக்கு என் கையில் நரம்பு தேடவே பத்து நிமிஷம் ஆகிறது. பக்கத்து நாற்காலியில் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர் இருந்தார், இருபது வருஷமாகத் தினமும் சர்க்கரைக்கு ஊசி குத்திக்கொள்கிறவர். என்னம்மா தனியாகப் பேசுகிறீர்கள் என்று விசாரித்து, தாளை வாங்கிப் படித்தார். அந்தப் பெட்டிக்கு டோக்கன் உண்டா, கப்பலில் ஊசி மருந்தை எந்த ஃப்ரிட்ஜில் வைப்பார்கள் என்று கேட்டார். பிறகு தாளைத் திருப்பிக் கொடுத்து, "தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தாத்தான் தெரியும். உங்க தம்பி நல்லவருதாம்மா. ஆனா நோவுங்கிற நம்ம ஊருக்கு வந்து போறவரு, குடியிருக்கிறவரு இல்ல" என்றார். டாக்டரம்மாவும் நின்றுகொண்டே படித்துவிட்டு, இந்தப் பெட்டி வந்தால் தன் வேலை போகும், போனால் போகட்டும், சீக்கிரம் வரட்டும் என்றார். அவர் உன் கட்சி.

என் கட்சியைச் சொல்கிறேன். மூன்றாம் அத்தியாயத்துக்குப் பிறகு கப்பலில் நடமாடுகிறவள் யார்? மச்சம் என்னுடையது, விரல் யாருடையது? கப்பலில் எடை இல்லாமல் போனதும் எல்லோரும் தலைகீழாகத் தவிக்கிறார்களே, அங்கே உண்மையான நான் இருந்திருந்தால் சிரித்திருப்பேன். எங்கள் வீட்டில் டம்ளர் காலையில் ஒரு எடை, மத்தியானம் ஒரு எடை, மழை நாளில் அம்மிக்கல். கதவு இடுக்கில் பாட்டிலைச் செருகித் திறப்பேன், முழங்கையால் குழாயை மூடுவேன், சாவியைத் திருப்ப மரக்கரண்டி வைத்திருக்கிறேன். எல்லாமே உடைந்து கிடக்கிற கப்பலுக்கு என்னைவிடத் தோதான ஆள் உண்டா? அவளை நோயோடேயே விட்டுவிடு. பெட்டியைத் தூக்கி எறி. இதுதான் என் முடிவு.

இதைச் சொன்னதும் உன் அத்தான் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "கதையிலயாவது நீ நல்லா இருந்துட்டுப் போயேன். அவன் என்ன கேட்டுட்டான் உன்ன?" என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் நல்லாத்தான் இருக்கேன். எனக்கு ஒரு பெட்டியும் வேண்டாம். எழுதுங்க" என்றேன். பேனாவை எடுத்து எழுதினார். மனுஷருக்கு வேறு ஒரு மனத்தாங்கலும் உண்டு. நாவல் முழுக்கத் தன்னைத் தேடியிருக்கிறார். அத்தானைப் போட உனக்குத் தோன்றவில்லையா? கடைசியில் பதினோராவது அத்தியாயத்தில் காகிதம் அடுக்குகிற இயந்திரம் "மேற்படி" என்று பேசுகிறதே, அது தான்தான் என்று கண்டுபிடித்துவிட்டார். இரண்டு நாளாக அதை எடுத்து எடுத்துப் பார்க்கிறார். அது இல்லை என்று மட்டும் எழுதிவிடாதே.

ஆக, நான் 'சரி' சொல்லவில்லை. மூன்றாம் அத்தியாயத்தைத் திருத்திவிட்டு அனுப்பு. நேரத்துக்குச் சாப்பிடு, உட்கார்ந்தே எழுதி முதுகைக் கெடுத்துக்கொள்ளாதே, ஒரு வீட்டுக்கு ஒரு நோயாளி போதும். உன் பேனா வற்றாமல் ஓடட்டும், உங்கள் இருவருக்கும் எங்கள் ஆசிகள்.

இப்படிக்கு,
பிடிவாதம் குறையாத உன் அக்கா
(மேற்படியாரின் வாய்மொழிப்படி எழுதியது: அத்தான்)

பின்குறிப்பு: மணி பதினொன்றரை. அத்தான் தபால் உறை வாங்கப் போயிருக்கிறார். இது என் கையெழுத்து, கோணலைப் பார்த்தாலே தெரியும். மேலே சொன்னதில் ஒன்றையும் செய்யாதே. குணமாக வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருக்கிறது என்பதை அவர் கையாலேயே எழுதச் சொல்ல முடியுமா? பத்தொன்பது வருஷமாகப் பார்த்துக்கொள்கிறவர், உடைந்து போவார். மூன்றாம் அத்தியாயத்தின் கடைசித் தாளில், பெட்டியை விட்டு வந்ததும் அவள் இரண்டு கையையும் தூக்கித் தலை வாரிப் பின்னிக்கொள்கிறாள் இல்லையா, அதை ஏழு தடவை படித்துவிட்டேன். ஆறு வருஷத்துக்கு முன்னால் நான் முடியைக் கழுத்தோடு வெட்டிக்கொண்டது வெயிலுக்காக என்று உன்னிடம் சொன்னது பொய். கை மேலே போகவில்லை. சரி. இதுதான் நீ கேட்ட ஒரு வரி. முடிந்தால் அவள் கூந்தலை மட்டும் இன்னும் கொஞ்சம் நீளமாக்கு. பின்னி முடிக்க நேரமாகட்டும்.