சார்ஜ்ஷீட் பாபாவுக்குத் தமிழ் தெரியாது

புரோத்ராபூர் பாக்குத் தோப்புப் பக்கத்துத் தகரக் கொட்டகையில் ஹிம்கிரி பாபா வந்து இறங்கிய நாளிலிருந்து, போர்ட் பிளேருக்கு நீதிமன்றமே தேவைப்படவில்லை. தீர்ப்பெல்லாம் கொட்டகையிலேயே முடிந்துகொண்டிருந்தது.

விஷயம் இதுதான். போன தேர்தலில் ஒரு வேட்பாளரின் பிரச்சாரத்துக்குக் காசு எங்கிருந்து வந்தது என்று மெயின்லேண்டிலிருந்து அதிகாரிகள் வந்து விசாரித்துக்கொண்டிருந்தார்கள். சார்ஜ்ஷீட் வரப்போகிறது, வரப்போகிறது என்று மழைக்காலம் முழுக்கப் பேச்சு. யார் யார் பேர் இருக்கும்? அதிகாரிகள் வாயைத் திறக்கவில்லை. ஊர் வாயை மூடவில்லை. டீக்கடையில் ஒரு பட்டியல், மீன் மார்க்கெட்டில் வேறு பட்டியல். வாட்ஸ்அப்பில் காலையில் கைதானவர் சாயங்காலம் விடுதலை ஆகி, மறுநாள் மறுபடி கைதாவார். அவர் பாட்டுக்கு வீட்டில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருப்பார்.

இந்த நேரம் பார்த்துத்தான் பாபா வந்தார். இமயமலைக் குகையிலிருந்து நேராக வருகிறாராம். கண்ணை மூடினால் சார்ஜ்ஷீட் பக்கம் பக்கமாகப் புரளுமாம். குகைக்குள் சார்ஜ்ஷீட் வாசிக்க எங்கே பழகினார் என்று யாரும் கேட்கவில்லை. பாபாவுக்கு ஹிந்தி ஒன்றுதான் தெரியும், வேறு பாஷை ஒரு சொல் புரியாது என்று அவருடைய வங்காளிச் சீடன் முதல் நாளே அறிவித்துவிட்டான்.

வந்தவர்கள் இரண்டு வகை. தன் பேர் இருக்குமோ என்று பயந்தவர்கள் ஒரு வகை. பக்கத்து வீட்டுக்காரன் பேர் இருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டவர்கள் இன்னொரு வகை. சத்தியமாகச் சொன்னால், இரண்டாவது வகைதான் வரிசையில் அதிகம்.

பேர் இருக்கிறது என்று பாபா சொல்லிவிட்டால் பரிகாரமும் அவரே வைத்திருந்தார். வெண்பூசணியில் குங்குமத்தால் பேரை எழுதி, மந்திரித்துக் கடலில் விட வேண்டும். பூசணி முழுகினால் பேரும் முழுகிவிடும். பூசணிக்கோ முழுகுகிற சுபாவம் கிடையாது. மின்னி பே கடற்கரையில் அலை ஏறும்போதெல்லாம் பேர் எழுதின பூசணிக்காய்கள் வரிசையாகக் கரை சேர்ந்தன. அதிகாரிகள் நாற்காலி போட்டுக் கரையில் உட்கார்ந்திருந்தால் போதும், பாதி விசாரணை அங்கேயே முடிந்திருக்கும்.

அமிர்தவல்லி வீடு அந்தக் கரைக்குப் பக்கம்தான். ஒதுங்கின பூசணியைப் புரட்டிப் பேர் படிப்பது அவளுக்கு ஒரு பொழுதுபோக்காகவே ஆகிவிட்டிருந்தது. ‘அட, பெரிய வீட்டுக்காரரு பேரு!’ என்று சிரித்தவள்தான். தன் வீட்டு வாசலுக்கே நோட்டீஸ் வந்தபோது சிரிப்பு நின்றுபோனது.

அவள் வீட்டுக்காரர் அழகேசனுக்கு மைக் செட் தொழில். கல்யாணம், திருவிழா, தேர்தல் எதுவானாலும் ஜீப் மேல் குழாய் ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு போவார். விசாரணைக்கு உட்பட்ட அந்த வேட்பாளருக்கும் போயிருந்தார். திங்கட்கிழமை விசாரணை ஆபீசுக்கு வரச் சொல்லி நோட்டீஸ். அழகேசனுக்குச் சோறு இறங்கவில்லை.

வியாழக்கிழமை அமிர்தவல்லிதான் அவரை இழுத்துக்கொண்டு பாபாவிடம் போனாள். வரிசை கொட்டகையின் தகரச் சுவரை ஒட்டியே வளைந்து நின்றது. சுவருக்கு அந்தப் பக்கம் பாபா தியானத்தில் இருந்தார்.

தீவுத் தமிழர்களுக்கு ஒரு பழக்கம். வெளியில் எல்லாரோடும் ஹிந்தி. ரகசியம் என்றால் தமிழ். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரியின் புடவையைக் குறை சொல்ல வேண்டுமா, தமிழுக்குத் தாவு. மீன்காரனை ஏமாற்றுக்காரன் என்று திட்ட வேண்டுமா, தமிழ். யாருக்குப் புரியப்போகிறது என்று ஒரு தைரியம். மூலைக்கு மூலை தமிழ் தெரிந்தவர்கள் நிற்பது அந்த நிமிஷம் மட்டும் மறந்துபோகும்.

முன்னால் நின்ற வங்காளி அம்மாவிடம் அமிர்தவல்லி, ஹிந்தியில், “சப் டீக் ஹை தீதி” என்றாள், ஒரு குறையும் இல்லை, சும்மா தரிசனம் என்கிற மாதிரி. அப்புறம் புருஷனிடம் திரும்பித் தமிழில், “திங்கக்கிழமை ஆபீசுக்குப் போகணும், எதையாவது மறைக்கிறீங்களா? இப்பவே சொல்லித் தொலைங்க.”

“மறைக்க என்ன இருக்கு? ஒருநாள் மழையில அவங்க ஆளு ஒரு செவப்புப் பையை நம்ம மைக் செட் ஜீப்புல வெச்சான். ரங்கத் ஊருல இறக்கிக்கிட்டான். உள்ள என்னன்னு நான் கேக்கல.”

“ஐயோ! ஏன் கேக்கல?”

“மெதுவா பேசுடி.”

“தமிழ்லதான பேசறேன்!”

கொஞ்ச நேரத்தில் உள்ளே கூப்பிட்டார்கள். பாபா புலித்தோல் படம் அச்சடித்த கம்பளியில் உட்கார்ந்திருந்தார். கண் மூடினார். ஹிந்தியில் முனகினார்.

“ஜீப் தெரிகிறது பேட்டா… மேலே குழாய்… மழை… சிவப்புப் பை… ரங்கத்…”

அமிர்தவல்லி இருந்த இடத்திலேயே கும்பிட்டு விழுந்தாள்.

“சார்ஜ்ஷீட்டில் உன் பேர் இருக்கிறது. திங்கட்கிழமை அந்த வாசலை மிதித்தால் திரும்பி வரமாட்டாய். சமுந்தர் பார் போ. கடலைத் தாண்டிப் போய்விடு.”

பூசணியும் ஆயிற்று, தட்சணையும் ஆயிற்று. ஞாயிறு சாயங்காலம் கிளம்புகிற சென்னைக் கப்பலுக்கு எவரெவரையோ பிடித்து அழகேசன் ஒரு டிக்கெட்டும் வாங்கிவிட்டார்.

அவருடைய தங்கை கார்த்திகா ஆஸ்பத்திரியில் நர்ஸ். வெள்ளிக்கிழமை டியூட்டி முடிந்து வந்தவள், அண்ணன் பெட்டி கட்டுவதைப் பார்த்தாள். நோட்டீஸை வாங்கிப் படித்தாள்.

“அண்ணா, இது சாட்சி சொல்லக் கூப்பிடறது. போனா கேள்வி கேப்பாங்க. ஓடினா தேடுவாங்க. எது வசதி?”

“பாபா பையைப் பத்தியே சொல்லிட்டார் கார்த்தி! நிறம் உட்பட!”

“பையைப் பத்தி வேற யார்கிட்ட சொன்னீங்க?”

“ஒரு ஈ காக்காகிட்ட சொல்லல. வரிசையில உங்க அண்ணிகிட்ட மட்டும்.”

“எந்த பாஷையில?”

“தமிழ்லதான்! நான் என்ன முட்டாளா?”

கார்த்திகா அதற்குப் பதில் சொல்லவில்லை. அண்ணன் என்கிற மரியாதை. அமிர்தவல்லியிடம் திரும்பினாள். “அண்ணி, எதிர்வீட்டு அப்பாராவ் போனாரே, அவருக்கு என்ன சொன்னாராம்?”

“அவருக்கு ஒண்ணுமே ஒட்டலையாம். தெலுங்குக்காரங்க யாருக்குமே சரியா வரல. அவங்களுக்கு பக்தி பத்தாதுன்னு சீடன் சொன்னான்.”

“பக்தி பத்தலையா, பாபாவுக்குத் தெலுங்கு பத்தலையா?”

அமிர்தவல்லிக்குப் பாபா மேல் கோபம் வரவில்லை, கார்த்திகா மேல்தான் வந்தது. நம்பிக்கையைத் தொட்டால் தொட்டவர் மேல்தான் முதலில் கோபம் வரும். ஆனாலும் சனிக்கிழமை அவளோடு கொட்டகைக்குப் போனாள். தகரச் சுவரோரம் நின்று கார்த்திகா தமிழில் மூக்கால் அழுதாள்.

“நம்ம ஜெகநாதனை நினைச்சாத்தான் அண்ணி வயிறு எரியுது. அந்தக் கட்சிக் கொடியை வாயில வெச்சது தப்பா? எத்தனை பேர் பார்த்துட்டாங்க!”

உள்ளே போனதும் பாபா கண் மூடினார். “ஜெகன்னாத்… கட்சிக் கொடி… பல கண்கள் பார்த்திருக்கின்றன. அவன் பேர் இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது. அவனையும் கப்பல் ஏற்று.”

ஜெகநாதன் என்பது கார்த்திகா வீட்டு வெள்ளாட்டுக் கிடா. கட்சிக் கொடியை அது தின்றது உண்மைதான். வாழைத்தோலையும் காலண்டரையும்கூடத் தின்றிருக்கிறது. அதற்கெல்லாம் எந்த ஏஜென்சியும் வரவில்லை.

வீட்டுக்கு வந்து சொன்னால் அழகேசன் அசைந்தால்தானே! “வேற ஜெகநாதன் இருக்கக்கூடாதா? ஊர்ல ஒரே ஜெகநாதனா?” என்றார். அடுத்து, “ஆடும் ஜீவன்தானே, அதுக்குக் கர்மா கிடையாதா?” என்றார். பெட்டியின் ஜிப்பை இழுத்து மூடினார்.

அமிர்தவல்லி அன்று முழுக்கக் கணக்குப் போட்டாள். புருஷன் கப்பலேறிவிட்டால் திங்கட்கிழமை போலீஸ் வாசலில் நிற்கும். போகாமல் இருந்து பாபா சொன்னது பலித்துவிட்டால் ஜெயில் வாசலில் இவள் நிற்க வேண்டும். கடைசியில் கார்த்திகாவிடம் சொன்னாள்: “எல்லார் முன்னாடியும் ஒரு சோதனை வை. பாபா அதுல ஜெயிச்சா உங்கண்ணனை நானே கப்பலேத்தி விடறேன். நீ குறுக்க நிக்கக்கூடாது.”

“சரி. ஆனா வாயைத் திறக்கப்போறது நீங்கதான்” என்றாள் கார்த்திகா. என்ன சொல்ல வேண்டும், எந்தக் குரலில் சொல்ல வேண்டும் என்று காதில் ஓதினாள்.

ஞாயிற்றுக்கிழமை கொட்டகை பிதுங்கியது. அழகேசன் பெட்டியோடே வந்திருந்தார். ஆசீர்வாதம் வாங்கிக்கொண்டு நேரே கப்பல் நிற்கிற ஹாடோ ஜெட்டிக்குப் போவதாகத் திட்டம். முன்வரிசையில் காண்ட்ராக்டர் வினோத்குமார், வெள்ளைச் சட்டையில் வியர்த்து வழிந்துகொண்டிருந்தார். பாபா கம்பளிமேல் சம்மணம் போட்டிருந்தார். சீடன் விசிறினான்.

அமிர்தவல்லி பாபாவுக்கு முன்னால் கைகூப்பி உட்கார்ந்தாள். முகத்தில் பக்திச் சிரிப்பு. தக்காளி விலை கேட்கிற குரலில், நிதானமாக, தமிழில் சொன்னாள்:

“கார்த்தி, பாபா வேட்டிக்குள்ள ஒரு பூரான் போகுது பாரு. சாண் நீளம் இருக்கும். தொடைகிட்ட போயிருச்சு.”

அந்தமான் பூரானைப் பற்றித் தீவில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு தடவை கடி வாங்கினவன் அப்புறம் உதறாமல் செருப்புப் போடமாட்டான்.

சீடன் விசிறிக்கொண்டே இருந்தான். வங்காளி அம்மாக்கள் ஜபித்துக்கொண்டே இருந்தார்கள். அப்பாராவின் சொந்தக்காரர்கள் கொட்டாவி விட்டார்கள். தமிழ் தெரிந்த நாலைந்து பேர் காலைத் தூக்கினார்கள்.

அவர்கள் எல்லாரையும்விட உயரமாக ஒருவர் எழும்பினார்.

“ஐயோ அம்மா! எங்க? எந்தப் பக்கம்? டேய் பாத்துட்டு நிக்கறீங்களே, தட்டி விடுங்கடா!”

இமயமலையில் குளிரக் குளிரத் தமிழ் பேசுகிறார்கள் போலும்! பாபா கம்பளிமேல் குதித்தார். வேட்டியை உதறினார். உதறின வேகத்தில் வேட்டி சீடன் தலையில் போய் விழுந்தது. பாக்கி இருந்தது பட்டாபட்டி டிராயர். பூரான் மட்டும் எங்கும் இல்லை.

கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு குரல்: “அரே, இது நம்ம நாகராஜ் இல்ல? ரங்கத் பஸ் ஸ்டாண்டுல டிக்கெட் கூவிக்கிட்டு இருந்தானே! அதே தொண்டைப்பா!”

“நாகராஜா, தாடி எப்படா வெச்ச?”

தாடி நிஜம்தான். அங்கே நிஜமாக இருந்தது அது ஒன்றுதான்.

விஷயம் ஹிந்திக்கு மாறி, வங்காளிக்கு மாறி, தெலுங்குக்குப் போய்ச் சேர்வதற்குள் சீடன் பாக்குத் தோப்புக்குள் மறைந்துவிட்டான். நாகராஜ் கம்பளியை இடுப்பில் சுற்றிக்கொண்டு, நாலு பேர் பிடியில் நின்றான். “நானா ஒண்ணும் சொல்லல” என்று அழுதான். “சுவத்துக்கு அந்தப் பக்கம் நின்னு நீங்க சொன்னதைத்தானே உங்களுக்கே திருப்பிச் சொன்னேன்! அதுக்கு நீங்களா கால்ல விழுந்தா நான் என்ன பண்றது?”

பாவி அன்றைக்குச் சொன்ன ஒரே தீர்க்கதரிசனம் அதுதான்.

இதோடு முடிந்திருந்தால் ஊர் உருப்பட்டுவிட்டது என்று நினைத்திருக்கலாம். காண்ட்ராக்டர் வினோத்குமார் மெதுவாக அவன் பக்கத்தில் போனார். தோளில் கை வைத்தார். குரலைத் தாழ்த்தித் தமிழில் கேட்டார்:

“போனது போகட்டும் தம்பி. எம்பேரு இருக்கா, இல்லையா? அதை மட்டும் சொல்லிட்டுப் போயிரு.”

கொட்டகை சிரித்த சிரிப்பில் தகரம் அதிர்ந்தது. கார்த்திகா மட்டும் சிரிக்கவில்லை.

“ஏன் சார் அவனைக் கேக்கறீங்க? நீங்க என்ன செஞ்சீங்கன்னு உங்களுக்குத் தெரியாதா? உங்களுக்கே தெரியலைன்னா டிராயரோட நிக்கற இவனுக்கு எப்படித் தெரியும்?”

வினோத்குமார் கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். பதில் வேறொருவருக்கு வந்துவிட்டது. அழகேசன் கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தார்.

“நான் செஞ்சது எனக்குத் தெரியும்” என்றார், யாரிடமும் இல்லாமல். “ஜீப் ஓட்டினேன். பையைக் கேக்காம ஏத்தினேன். அதைப் போய்ச் சொல்றதுக்கு என்ன?”

“அதைத்தான நானும் வெள்ளிக்கிழமையிலேர்ந்து சொல்றேன்” என்றாள் கார்த்திகா.

“நீ சொன்னா ஓசியில சொல்ற. அதனாலதான் ஏறல” என்றாள் அமிர்தவல்லி. பெட்டியை அவளே தூக்கிக்கொண்டாள்.

கப்பல் அழகேசன் இல்லாமல் கிளம்பியது. திங்கட்கிழமை அவர் ஆபீசுக்குப் போனார். பையை வைத்தவன் யார், இறக்கினது எங்கே என்று கேட்டார்கள், தெரிந்ததைச் சொன்னார். டீ கொடுத்தார்கள். சொன்னதை எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருந்தார். அன்றைக்கு இரண்டாம் தடவை ரசம் கேட்டு வாங்கினார்.

சார்ஜ்ஷீட் இன்னும் வரவில்லை. வருகிறபோது வரும், எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் படித்துக்கொள்ளலாம். அதுவரைக்கும் யார் பேர் என்று எவன் காலிலாவது விழத் தோன்றினால், விழுவதற்கு முன்னால் ஒரு நிமிஷம் நில்லுங்கள். கழுத்துக்கு மேலே உருண்டையாக ஒன்று இருக்கிறதே, அது கண்டவன் காலில் வைத்து எடுப்பதற்காக மட்டும் முளைத்ததில்லை.