பின்கதவுக்குள்ளே ஒரு சத்தம்

"சேர், வாற வெள்ளிக்கிழமை எனக்குக் கார் வேணும்."

சிவலட்சுமி இதைக் கேட்டபோது கூட்டுறவு ஒன்றியத்தின் வாராந்தக் கூட்டம் தேத்தண்ணிக்கு வந்திருந்தது. இலிகிதர் யோகநாதன் வாயில் போட்ட பனங்கட்டியைக் கடிக்காமல் அப்படியே வைத்துக்கொண்டிருந்தார். வாசல் நிலையில் சாய்ந்து நின்ற சாரதி நடராசா கூரையில் பல்லி தேடினார். தேத்தண்ணி ஊற்றுகிற வடிவம்மா கேத்திலை மேசையில் வைத்துவிட்டு இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டா.

காரணம் இருந்தது. சிவலட்சுமி வேலைக்கு வந்த முதல்நாளே வடிவம்மா அவளைக் குசினிக்குள் இழுத்துக்கொண்டுபோய்ப் புத்தி சொல்லியிருந்தா. "பிள்ளை, இஞ்சை நீர் எதையும் கேளும். லீவு கேளும், சம்பளம் ஏன் பிந்துது எண்டு கேளும். காரை மட்டும் ஒருநாளும் கேளாதையும்."

இப்படிப் பயந்து பயந்துதான் இந்தச் சனம் உருப்படாமல் போகிறது என்று சிவலட்சுமி அன்றைக்கே முடிவுகட்டிவிட்டாள். அவளுடைய பரம்பரையில் பட்டம் பெற்றது அவள் ஒருத்திதான். மலைநாட்டிலிருந்து கலவரத்தில் அடிபட்டு வந்து, அக்கராயனில் மற்றவர்களின் வயலில் கூலிக்குக் களைபிடுங்கிய குடும்பம். கேட்காமல் இருந்தே கெட்டவர்கள். அதனால் அவள் எதையும் கேட்பாள், யாரிடமும் கேட்பாள், உரத்துக் கேட்பாள். பல்கலைக்கழகத்தில் படித்ததில் பாதி மறந்துபோனாலும் இது மறக்கவில்லை.

முகாமையாளர் செல்வநாயகம் கோபப்படவில்லை. கோபப்படுவது சின்ன உத்தியோகக்காரரின் வேலை என்பது அவருடைய கொள்கை.

"என்னத்துக்குப் பிள்ளை கார்?"

"அக்காவை அக்கராயனிலை இருந்து கிளிநொச்சி ஆசுப்பத்திரிக்குக் கொண்டுவர வேணும். பிள்ளை பெற நாள் கிட்டீட்டுது. வெள்ளிக்கிழமைக்குள்ளை கொண்டுவந்து விடச் சொல்லி டொக்டர் சொல்லிப்போட்டார். போனமுறை உழவுமெசின் பெட்டியிலை ஏத்திக்கொண்டு வந்து, குலுங்கின குலுக்கத்திலை பிள்ளை வழியிலேயே போயிட்டுது."

வடிவம்மா தலையிலிருந்த கையை எடுத்து வாயைப் பொத்தினா.

"தரத்தானே வேணும்," என்றார் செல்வநாயகம். "கார் ஆற்றை? சனத்தின்ரை."

கார்க் கதவிலும் அப்படித்தான் எழுதியிருந்தது, 'மக்கள் சேவைக்கு' என்று. அந்தக் கதவைத் திறந்து ஏறிய ஒரேயொரு மக்கள் செல்வநாயகம்தான். காலையில் வீட்டிலிருந்து ஒன்றியத்துக்கு, பின்னேரம் ஒன்றியத்திலிருந்து வீட்டுக்கு. அவரை இறக்கிவிட்டு, நடராசா அந்தப் பழைய ஒஸ்ரின் காரைத் திரும்ப ஒன்றியத்து வேப்பமரத்தடிக்குக் கொண்டுவந்து, குண்டு போடுகிற பிளேன்காரன் கண்ணில் படாமல் குழை பரப்பி மூடிவிடுவார். அதோடு காருக்கு அன்றைய சேவை முடிந்தது.

"ஆனால் ஒரு பிரச்சினை," செல்வநாயகம் தொடர்ந்தார். "காரிலை ஒரு சத்தம். பின்கதவுக்குள்ளை கடகட எண்டு. பிள்ளைத்தாச்சியை ஏத்தி, வழியிலை ஏதும் கழண்டு விழுந்தால் ஆர் பொறுப்பு? சத்தம் நிக்கட்டும், கொண்டுபோம்."

"சத்தம் நிண்டால் தருவீங்கள்?"

"சொல்லிப்போட்டன்தானே."

"எல்லாரும் கேட்டனீங்கள்தானே?" சிவலட்சுமி கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தாள். எல்லாரும் மிகுந்த கவனத்தோடு தேத்தண்ணி குடித்தார்கள்.

கூட்டம் கலைந்ததும் வடிவம்மா அவளைத் துரத்திப் பிடித்தா. "வெள்ளிக்கிழமை வரைக்கும் வாயைப் பொத்திக்கொண்டு இரும் பிள்ளை. எல்லாம் தன்பாட்டிலை நடக்கும்."

"தன்பாட்டிலை என்னக்கா நடந்தது இந்த ஊரிலை? நீங்கள் வாயைப் பொத்தி என்னத்தைக் கண்டனீங்கள்?"

வடிவம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தா. சிவலட்சுமியின் குரல் றோட்டு வரைக்கும் போனதை யோசித்து, திரும்ப மூடிக்கொண்டா. "உம்மட்டை ஒண்டைச் சொன்னால் அது பரந்தன் சந்தியிலை கேக்கும்," என்று மட்டும் முணுமுணுத்துவிட்டுக் கேத்தில் கழுவப் போனா.

செவ்வாய்க்கிழமை சிவலட்சுமி மெக்கானிக் சுடலைமுத்துவைக் கையோடு கூட்டிவந்தாள். பொருளாதாரத் தடையால் உதிரிப்பாகம் என்ற சொல்லே வன்னியில் வழக்கொழிந்துபோன காலம். கார் மண்ணெண்ணெயில் ஓடியது. ஸ்ராட் எடுக்க மட்டும், குழந்தைக்கு ஓமத்திராவகம் விடுவதுபோலச் சூப்பிப்போத்தலால் சில துளி பெற்றோல். ரப்பர் செருப்பை வெட்டினால் புஷ், சைக்கிள் ரியூப்பை வெட்டினால் பெல்ற். சுடலைமுத்து எந்த வாகனத்தையும் கழற்றிவிடுவார். அதுவரைக்கும் அவரைப் பற்றி ஒருவரும் குறை சொன்னதில்லை.

பின்கதவின் உள்தட்டைக் கழற்றியதும் உள்ளேயிருந்து பொலபொலவென்று ஈயக்குண்டுகள் கொட்டின. மீன்வலையின் அடியில் கோக்கிற ஈயம்.

"இதென்ன நடராசண்ணை, காரிலை மீன் பிடிச்சதோ?"

நடராசா வேப்பமரத்தின் உச்சியைப் பார்த்தார். "பழைய கார்தானே தங்கச்சி. வயது போகப்போக உப்பிடித்தான் ஈயம் கக்கும்."

சிவலட்சுமி பச்சைப்பிள்ளையல்ல. செல்வநாயகம் வீட்டுக்குப் பூநகரியிலிருந்து நண்டும் இறாலும் வருவது ஊருக்கே தெரியும். சனத்தின் காரில் மீன் ஏற்றியிருக்கிறார் மனிதர். அவள் ஈயக்குண்டுகளைப் பொறுக்கி ஒரு பிஸ்கற் பேணியில் போட்டாள். சாட்சி.

கடகட நின்றது. ஆனால் தட்டைத் திரும்பப் பூட்டும்போது ஓர் ஆணி மிஞ்சியது. "மிஞ்சிற ஆணி தேவையில்லாத ஆணி," என்றார் சுடலைமுத்து. அவர் சொல்லி வாய் மூடவில்லை, கதவுக் கண்ணாடி சர்ரென்று கதவுக்குள் இறங்கிப்போனது. பிறகு அது மேலே வரவேயில்லை.

புதன்கிழமை காலை செல்வநாயகம் காரால் இறங்கினார். முகமெல்லாம் செம்மண் புழுதி.

"பிள்ளை, கடகட நிண்டிட்டுது. இப்ப முன்னுக்குக் கிலுகிலு எண்டு கேக்குது."

"நேற்றுக் கேக்கேல்லையே."

"பெரிய சத்தம் நிண்டாப்பிறகுதானே சின்னச் சத்தம் கேக்கும்."

ஒன்றியத்தை நடத்தும் முறையும் அதுதான் என்று சிவலட்சுமி நினைத்தாள். நினைத்ததை உரத்தே சொன்னாள். யோகநாதனுக்குப் புரையேறியது.

சுடலைமுத்து காரின் முன்பலகையைக் கழற்றினார். வயர்களுக்குள்ளே சிக்கிக் கிடந்தது ஒரு கிலுகிலுப்பை. சிவப்பு நிறம், பிடியில் குழந்தைப் பல்லின் கடி அடையாளம்.

"உந்தச் சத்தங்களை விடும் தங்கச்சி," என்றார் நடராசா. அவருடைய குரலில் கெஞ்சல் இருந்தது. "சத்தத்தோடையும் கார் ஓடும்."

"ஓடும். அவர் தரமாட்டார்."

"அவர் தராட்டி..." என்று தொடங்கிய நடராசா வடிவம்மாவின் முகத்தைப் பார்த்தார். வடிவம்மா குசினி வாசலில் நின்று இல்லை என்று தலையாட்டினா. நடராசா சக்கரத்துக்குக் காற்றுப் பார்க்கப் போய்விட்டார். ஆண்பிள்ளை என்று ஒருத்தன், தேத்தண்ணி ஊற்றுகிறவவுக்குக்கூடப் பயம் என்று சிவலட்சுமிக்கு ஆத்திரம் பொங்கியது. கிலுகிலுப்பையும் பேணிக்குள் போனது.

கிலுகிலுவும் நின்றது. சுடலைமுத்து வயர்களைத் தன் நினைவில் இருந்தபடி பொருத்தினார். அதன்பிறகு கார் இடப்பக்கம் திரும்பும்போதெல்லாம் ஹோர்ன் தானாக அடித்தது. திறப்பைப் போட்டுத் திருகாமலே, கீழே தொங்கிய இரண்டு வயர்களை முட்டவிட்டால் ஸ்ராட்டும் ஆனது.

"திறப்பு மிச்சம்தானே," என்றார் சுடலைமுத்து. அவருக்கு எதிலும் ஒரு நன்மை தெரியும்.

அன்று பின்னேரம் செல்வநாயகம் வீட்டுக்குப் போகிற வழியில் இடப்பக்கம் திரும்பவேண்டிய சந்தியெல்லாம் ஹோர்ன் அடித்தது. யாரோ பெரியவர் வருகிறார் என்று சனம் சைக்கிளால் இறங்கி நின்றது. அதை அவர் குறையாகச் சொல்லவில்லை. வியாழக்கிழமை காலை அவர் சொன்ன குறை வேறு.

"இப்ப எனக்குக் கீழை கிணிங் கிணிங் எண்டு கேக்குது."

பின்சீற்றைத் தூக்கினார்கள். சிவலட்சுமி குனிந்து பார்க்கிறாள், சதங்கை மணிகள் நூலறுந்து சிதறிக் கிடந்தன. பக்கத்தில் ஒரு ஸ்பனர். சுடலைமுத்து அந்த ஸ்பனரைச் சட்டென்று எடுத்துச் சாரத்து மடிக்குள் செருகினார். போன மாதம் தொலைந்துவிட்டது என்று அவர் ஊரெல்லாம் தேடிய ஸ்பனர் போலவே அது இருந்தது. சிவலட்சுமிக்கு அதைக் கவனிக்க நேரமில்லை. அவளுடைய கண்ணில் மணிகள்தான் நின்றன. மீன், குழந்தை, சதங்கை. மனிதர் இந்தக் காரில் ஒரு குடும்பமே நடத்தியிருக்கிறார்.

சீற்றைத் திரும்ப வைத்துச் சரிபார்ப்பதற்காகச் செல்வநாயகம் தானே ஏறி உட்கார்ந்தார். அடுத்த கணம் எழும்பினார். இரண்டு கையாலும் பின்பக்கத்தைப் பொத்திக்கொண்டு எழும்பினார். சீற்றின் சுருள்கம்பி ஒன்று, இத்தனை வருடமும் அடக்கிவைத்த கோபத்தோடு துணியைக் கிழித்துக்கொண்டு வெளியே நின்று ஆடியது.

"சத்தம் நிண்டிட்டுதுதானே சேர்?" என்று கேட்டாள் சிவலட்சுமி.

உண்மையிலேயே காரில் சத்தம் இல்லை. சத்தம் போட்டது செல்வநாயகம் மட்டும்தான்.

பின்னேரம் கூட்டம் போட்டார். அவர் நின்றுகொண்டு பேசினார், மற்றவர்கள் இருந்துகொண்டு கேட்டார்கள். ஒன்றியத்தில் அப்படி நடந்தது அதுதான் முதல்தரம். சிவலட்சுமி பிஸ்கற் பேணியைக் கொண்டுவந்து அவருடைய மேசையில் கவிழ்த்தாள்.

"நாளைக்கு வெள்ளிக்கிழமை. கார் சத்தம் போடேல்லை, வாக்குத் தந்தபடி தாங்கோ. தராட்டி இதுக்குப் பதில் சொல்லுங்கோ. மக்கள் சேவைக்கு எண்டு எழுதின காரிலை ஆற்றை மீன் போனது? ஆற்றை பிள்ளை போனது? ஆர் சதங்கை கட்டி ஆடினது?"

செல்வநாயகம் ஈயக்குண்டு ஒன்றை எடுத்து உருட்டிப் பார்த்தார். அவருடைய முகத்தில் இருந்தது கள்ளம் அல்ல, வெறும் திகைப்பு. "என்ர பிள்ளையள் கனடாவிலை. மனிசிக்கு வாதம். எங்கட வீட்டிலை ஆர் பிள்ளை சதங்கை கட்டுறது?"

யோகநாதன் ஜன்னல் பக்கம் திரும்பி இருமினார்.

திகைப்புத் தெளிந்ததும் செல்வநாயகத்துக்கு ஒரு விளக்கம் கிடைத்தது. தன்னைத் தவிர வேறு யாரும் அந்தக் காரில் ஏறியிருக்க முடியாது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. ஆகவே விளக்கமும் ஒன்றுதான்.

"இதெல்லாம் நீர் கொண்டுவந்து போட்டது. என்னைக் கள்ளனாக்கிக் காரை வாங்கிறதுக்கு. உங்கட ஆக்களுக்கு இடம் குடுத்தால் மடத்தையே பிடுங்குவியள் எண்டு சொன்னவங்கள், நான் கேக்கேல்லை."

சிவலட்சுமி சுற்றிப் பார்த்தாள். நடராசா பல்லி தேடினார். யோகநாதன் தன் விரல்நகங்களைப் படித்தார். வடிவம்மா தரையைப் பார்த்தா.

"நான் போடேல்லை எண்டு உங்கள் எல்லாருக்கும் தெரியும். ஒருத்தருக்கும் வாய் இல்லையோ?"

இல்லை.

"நடராசா," என்றார் செல்வநாயகம், "நாளைக்குக் காலமை நாலு சில்லையும் கழட்டி என்ர வீட்டு அறைக்குள்ளை கொண்டுவந்து அடுக்கும். சில்லில்லாத காரை ஒருத்தரும் கேக்கமாட்டினம். இண்டைக்குத் திறப்பு என்னட்டை இருக்கட்டும்." திறப்பை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுப் பையைத் தட்டிப் பார்த்துக்கொண்டார். பிறகு, அந்தக் கம்பிச் சீற்றில் இனி இருக்கமாட்டேன் என்று, யோகநாதனின் சைக்கிள் கரியரில் தலையணை கட்டச் சொல்லி, அதில் ஒருபக்கமாக ஏறி வீட்டுக்குப் போனார். இடப்பக்கம் திரும்பும்போது யோகநாதன் மறக்காமல் மணியடித்தார்.

சிவலட்சுமி ஈயத்தையும் மணியையும் கிலுகிலுப்பையையும் திரும்பப் பேணிக்குள் அள்ளினாள். அழவில்லை. முடிவு நேற்றே எடுத்தாகிவிட்டது. அக்கராயனில் ஒரு மாட்டுவண்டிலுக்குச் சொல்லி வைத்திருந்தாள். தடிப்பாக வைக்கோல் பரப்பி, நடைவேகத்தில் மெல்ல மெல்ல, வழி முழுக்க அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு வருவாள். அதன்பிறகு இந்தக் கோழைகளின் முகத்தில் முழிக்கவே தேவையில்லை.

"நான் வேலையை விட்டிட்டன்," என்று வெறும் கதிரைகளுக்குச் சொல்லிவிட்டு வெளியே நடந்தாள்.

வேப்பமரத்தடியில் காரின் மேலிருந்த குழையை யாரோ அகற்றியிருந்தார்கள். போனெற் திறந்திருந்தது. நடராசா சூப்பிப்போத்தலோடு உள்ளே குனிந்து நின்றார். சுடலைமுத்து சுருள்கம்பியை வளைத்து அமத்தி, அதன்மேல் இரண்டு சாக்கை மடித்துப் போட்டுக்கொண்டிருந்தார். சிவலட்சுமி ஒருவரையும் பார்க்காமல் வாசல் படலை வரைக்கும் போய்விட்டாள். அங்கே வடிவம்மா நின்றா. கக்கத்தில் ஒரு தலையணை, கையில் சுடுதண்ணிப் போத்தல்.

"பேணியைத் தாரும்."

"என்னத்துக்கு?"

வடிவம்மா தானே பேணியை வாங்கி, கையை விட்டுக் கிலுகிலுப்பையை எடுத்து மடியில் செருகினா. "என்ரை பேரனைக் காய்ச்சலோடை இரவு இந்தக் காரிலை கொண்டுபோன அண்டைக்கு விட்டது. இல்லாமல் ஒரே அழுகை." மணிகளைப் பொறுக்கிச் சேலைத்தலைப்பில் முடிந்தா. "இது யோகநாதன் ஐயான்ரை மகளின்ரை, கலைவிழாவுக்குப் போகேக்கை அறுந்தது. ஈயம் நடராசாவின்ரை மச்சான்ரை வலையிலை கழண்டது."

சிவலட்சுமியின் வாய் திறந்தது. வேலைக்கு வந்த நாளிலிருந்து முதல்தடவையாக அதிலிருந்து ஒன்றும் வரவில்லை.

பின்னால் இரண்டு வயர்கள் முட்டுகிற சத்தம். மண்ணெண்ணெய்ப் புகையைக் கக்கிக்கொண்டு, கடகட இல்லாமல், கிலுகிலு இல்லாமல், நாலு சில்லோடும் ஒஸ்ரின் மெல்ல உருண்டு வந்து படலையில் நின்றது. வடிவம்மா கதவைத் திறந்து தலையணையைச் சீற்றில் போட்டா.

"காரைக் கேளாதையும் எண்டுதான் நான் சொன்னனான் பிள்ளை. எடுக்காதையும் எண்டு எப்ப சொன்னனான்?"