பதினோரு தடவை நின்ற மிஷினும் ஒரு லாரி பல்பும்

அன்பும் அறிவும், சரியாகப் பன்னிரண்டு ஆம்பியர் வரை பொறுமையும் கொண்ட சித்திக்கு,

உங்கள் அக்கா மகள், வீட்டாரால் 'வாலு' என்று அழைக்கப்படுபவள், பணிவுடன் (சிரிக்காதீர்கள்) எழுதிக்கொள்வது. இங்கே நான் சௌக்கியம். அம்மா கோபமாகச் சௌக்கியம். அப்பா வெறும் கோபம். நீங்கள் செய்து கொடுத்த பவர் சப்ளை பெட்டி, பரிசுக் கோப்பைகளில் பெயர் செதுக்கும் அப்பாவின் மிஷினுக்குப் பின்னால் தூசியில் உட்கார்ந்து, செய்யாத தப்புக்குத் திட்டு வாங்கிக்கொண்டிருக்கிறது. நீங்களும் உங்கள் டெஸ்ட் பெஞ்சும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். விசாரிப்பெல்லாம் இத்துடன் முடிந்தது. இனி அவசரம்.

சித்தி, வெள்ளிக்கிழமை மீட்டிங்கில் "தப்பு என் டிசைனில்தான்" என்று சொல்லிவிடாதீர்கள்! தப்பு உங்கள் டிசைனில் இல்லை. தப்பு உங்கள் டிசைனுக்கு மூன்றடி தள்ளி, தரைவிரிப்புக்கு அடியில், என் காலடியில் இருக்கிறது!

நேற்று நீங்கள் அம்மாவிடம் பேசியதைக் கேட்டேன். ஒட்டுக்கேட்கவில்லை. அம்மா போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள், தெருவில் போகிறவர்களே நின்று பதில் சொல்லுவார்கள். "சொந்த அக்கா வீட்டுலயே ரெண்டு மாசத்துல பதினோரு தடவை நின்னிருக்குன்னா, வெளியில விக்கப் போனா என்னக்கா ஆகும்? லிமிட்டை ஏத்திடலாம்னு மேனேஜர் ஆரம்பத்துலேருந்து சொல்றாரு. நான்தான் பிடிவாதம் பிடிச்சேன். வெள்ளிக்கிழமை ஒத்துக்கப் போறேன்" என்றீர்கள். கடைசியில் உங்கள் குரல் உடைந்தது. எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. (பிறகு இறங்கியது. ஆனால் கொஞ்சம் லேட்டாக.)

எல்லாம் எங்கே தொடங்கியது என்றால், ஆட்டில். அப்பாவின் போனில் ரிங்டோனை மாற்றி ஆடு கத்துகிற சத்தத்தை வைத்தேன். அது என் பள்ளியின் பெற்றோர் கூட்டத்தில், கணக்கு டீச்சர் என்னைப் பற்றி வாயைத் திறந்த அதே விநாடி, மூன்று தடவை கத்தியது. டீச்சர் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. என் போன் பீரோவுக்குள் போனது. உங்களுக்குத்தான் அப்பாவின் முறை தெரியுமே: பிடுங்குவார், ரெண்டு நாள் காத்திருப்பார், திருப்பிக் கொடுத்துப் பார்ப்பார், நான் ஏதாவது செய்வேன், மறுபடி பிடுங்குவார். உங்கள் பெட்டியோடு நீங்கள் கொடுத்த விளக்கப் புத்தகத்தைப் படித்தபோது நான் கட்டிலிலிருந்து எழுந்து உட்கார்ந்துவிட்டேன். பெட்டியும் அதையேதான் செய்கிறது! கரண்ட் பன்னிரண்டு ஆம்பியர் லிமிட்டை மீறினால் பட்டென்று அணைத்துக்கொள்கிறது, ரெண்டு விநாடி பொறுத்திருந்து மெதுவாகக் கொடுத்துப் பார்க்கிறது, மறுபடி மீறினால் மறுபடி அணைகிறது. நீங்கள் டிசைன் செய்தது பவர் சப்ளை இல்லை சித்தி, அப்பா.

எனக்குப் போன் இல்லை, பொழுது போகவில்லை, கையில் விளக்கப் புத்தகம். பிறகு நடந்ததற்கு நான் மட்டும் பொறுப்பாக முடியுமா? பக்கத்து மெக்கானிக் ஷெட்டில் ஒரு லாரி ஹெட்லைட் பல்பு வாங்கினேன். இருபத்துநாலு வோல்ட், உங்கள் பெட்டிக்குப் பொருத்தம். அணைந்திருக்கும் பல்பு, எரிகிற பல்பைவிடப் பத்து மடங்கு பேராசைக்காரன். ஸ்விட்ச் போட்ட கணத்தில் கண்ணில் படும் கரண்டையெல்லாம் விழுங்கப் பார்க்கும். சூடான பிறகுதான் அதற்கு நாகரிகம் வரும். பல்பை பிஸ்கட் டப்பாவுக்குள் மறைத்தேன். உங்கள் பெட்டியில் வெளியே போகும் கம்பிக்கு ரெண்டு ஜோடி திருகு இருக்கிறதல்லவா, மிஷினுக்கு ஒன்று போக மிச்சமிருந்ததில் இதை முடுக்கினேன். நடுவில் ஒரு காலிங்பெல் ஸ்விட்ச். வயரைத் தரைவிரிப்புக்கு அடியில் ஓட்டி, மிஷினை மறைக்கும் பலகைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் என் படிக்கிற மேஜைக்குக் கீழே கொண்டுவந்தேன். கால் கட்டைவிரலால் ஒரு அழுத்து. அவ்வளவுதான்! மிஷின் ஆறு ஆம்பியர் குடித்துக்கொண்டிருக்கும், பல்பு குறுக்கே பாயும், பெட்டி "போதும்டா" என்று மூடிக்கொள்ளும். ரெண்டு விநாடியில் கரண்ட் வந்துவிடும். ஆனால் மிஷினுக்கு எந்த எழுத்தில் நின்றோம் என்பது மறந்துபோய், நல்ல பிள்ளையாக மூலைக்குப் போய் நின்றுகொள்ளும்.

அப்பா முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! இது பரிசு வழங்கும் சீசன் வேறு, வீடு முழுக்க கோப்பையும் கேடயமும். 'நடனப் போட்டி முதல் பரிசு' என்று செதுக்கவேண்டிய கோப்பையில் 'நடனப் போ' என்று நின்றது. ஒரு விளையாட்டு அணியின் பொறுப்பாளருக்கு 'அணிப் பொறு'. அவரும் பொறுத்தார், நல்ல மனுஷர். ஆனால் என் தலைசிறந்த படைப்பு வேறு. எங்கள் பள்ளியில் ஓய்வு பெறுகிற தலைமை ஆசிரியருக்கு ஆளுயரக் கேடயம், 'வாழ்நாள் சாதனையாளர்' என்று. அன்று காலை பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில் ஒரே ஒரு அழுத்து அழுத்திவிட்டு ஓடிவிட்டேன். சாயங்காலம் வந்தால் வாசலில் டிரில் மாஸ்டர், கையில் கேடயம், அதில் பளபளவென்று 'வாழ்நாள் சாதனையா'.

"என்ன சார் இது? முப்பத்தஞ்சு வருஷம் வேலை பார்த்த மனுஷனைப் பார்த்து 'இதெல்லாம் சாதனையா'ன்னு கேக்குறீங்களே!"

"நான் கேக்கலை சார், மிஷின் கேக்குது."

"ஸ்டாஃப் ரூம்ல எல்லாரும் இதையேதான் கேக்கறாங்க, அது வேற விஷயம். ஆனா எழுதியா குடுக்கறது?"

நான் தடுப்புக்குப் பின்னால் வாயில் துப்பட்டாவை அடைத்துக்கொண்டு நின்றேன். வாழ்க்கையில் அன்றுபோல் பெருமைப்பட்டதில்லை.

அதன்பிறகுதான் வீட்டில் வெடித்தது. அப்பா, "உன் தங்கச்சி செஞ்ச பெட்டி சரியில்ல" என்றார். அம்மா, "என் தங்கச்சி செஞ்சது எப்படிங்க சரியில்லாம போகும்? உங்க மிஷின்தான் கெழடு" என்றாள். "சில சமயம் டிக் டிக்குனு முனகிட்டே கெடக்குது, மிஷின் தலையப் பிடிச்சுத் தள்ளினாதான் உயிர் வருது, இதுக்குப் பேரு பவர் சப்ளையா?" "தலையத் தள்ளினாதான் எழுந்திருக்கும்னா, அது உங்க தம்பி மாதிரி. அவரை நான் கொறை சொன்னேனா?" ரெண்டு நாள் பேச்சுவார்த்தை கட். அந்தக் கோபத்தில்தான் அப்பா 'அன்புள்ள மச்சினிக்கு' என்று தொடங்கி, பதினோரு தடவையையும் குறிப்பிட்டு, உங்கள் கம்பெனி முகவரிக்கே புகார் அனுப்பியது. அதை நீங்கள் படித்து அழுதது. எல்லாம் என் கட்டைவிரலின் கைங்கர்யம்.

இப்போது இன்னும் பெரிய ஆபத்து. அடுத்த தெரு எலக்ட்ரீஷியன், எதைக் காட்டினாலும் "எனக்கே ஷாக்கா இருக்கு" என்பதால் ஷாக் மாமா, இன்று வந்து உங்கள் பெட்டியைத் திறந்து பார்த்தார். "இந்தா, அரிசி மாதிரி ஒரு ரெசிஸ்டர் இருக்கு பாருங்க, இதுதான் கரண்டை மோப்பம் பிடிக்குது. இது மேல ஒரு கம்பியப் பத்தவெச்சுட்டா மோப்பம் போயிடும். அப்புறம் எவ்வளவு இழுத்தாலும் வாயத் தொறக்காது. நாளைக்கு சாயங்காலம் அஞ்சு மணிக்கு வந்து முடிச்சுத் தரேன்." அப்பா தலையாட்டினார்! சித்தி, இதை விடவே கூடாது. ஏனென்றால் புத்தகத்தை நான் முழுக்கப் படித்தவள். உள்ளே ஒரு ஸ்விட்ச் விநாடிக்கு லட்சம் தடவை திறந்து மூடுகிறது, ஒவ்வொரு தடவையும் அந்த அரிசியைக் கேட்டுக்கொண்டுதான் மூடுகிறது. அதன் மூக்கை அடைத்துவிட்டால், கரண்ட் ஏறிக்கொண்டே போகும். பதினைந்து ஆம்பியருக்கு மேல் போனால் உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் கரண்டைத் தடுக்காது, அது வெறும் கம்பி என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மிஷினுக்குக் கீழேயோ வெல்வெட் பெட்டிகளும் மரத்தூளும், ஒரு பொறி போதும்.

ஆகவே இதையே என் வாக்குமூலமாக வைத்துக்கொள்ளுங்கள். பதினோரு தடவையும் நான். (நான் எண்ணி வைக்கவில்லை, அப்பா எண்ணியிருக்கிறார்.) பதினோரு தடவையும் உங்கள் பெட்டி செய்யவேண்டியதைத்தான் செய்தது. லிமிட்டை ஒரு ஆம்பியர்கூட ஏற்றாதீர்கள். மேனேஜரிடம் இந்தக் கடிதத்தைக் காட்டுங்கள், ஆடு விஷயத்தை மட்டும் கையால் மறைத்துக்கொள்ளுங்கள். நாளை சாயங்காலம் அம்மா உங்கள் வீட்டுக்கு வரும்போது கொண்டுவரும் டப்பாவின் அடியில் இது இருக்கும். ஷாக் மாமா வருவதற்குள் அப்பாவிடமும் சொல்லத்தான் வேண்டும். எப்படி என்று தெரியவில்லை. போன் இனி என் கல்யாணத்துக்குத்தான் வெளியே வரும். மிஷின் நின்ற நேரத்தையெல்லாம் அப்பா குறித்துவைத்த நோட்டையும் தேடியெடுத்து இத்துடன் வைக்கிறேன்.

சித்தப்பாவுக்கு என் வணக்கம். உங்கள் பெட்டிக்கு என் மன்னிப்பு. எங்கள் வீட்டில் ஓடுவதெல்லாம் நின்றாலும், உங்கள் கையில் பிறந்ததெல்லாம் நீடூழி ஓட வாழ்த்தும், வயதில் சின்ன,

வாலு.

பின்குறிப்பு (வியாழன், சாயங்காலம்): சித்தி, மேலே எழுதியதை நம்பாதீர்கள்!!! நான் குற்றவாளி இல்லை! அதாவது, முழுக் குற்றவாளி இல்லை!

நாலு மணிக்குப் பள்ளியிலிருந்து வந்ததும் அப்பாவின் நோட்டை எடுத்தேன். தேதி, மணி, குறிப்பு என்று பதினோரு வரி. அதில் நாலு வரி பகல் பதினொன்று, பன்னிரண்டு, ரெண்டு என்று போட்டிருக்கிறது. அந்த நேரம் நான் பள்ளியில் இருந்தேன். என் கட்டைவிரல் எவ்வளவு கெட்டதானாலும் அவ்வளவு நீளமில்லை. மற்ற ஏழுக்கும் 'தானாக வந்துவிட்டது' என்று குறிப்பு. அந்த நாலுக்கு மட்டும் 'டிக் டிக் என்று முனகியது, மிஷின் தலையைக் கையால் தள்ளிய பிறகே வந்தது'. அந்த நாலுமே பெரிய கேடயம்!

ஓடிப்போய் மிஷின் தலையைக் கையாலேயே மெதுவாக வலதுபக்கம் தள்ளினேன். சின்னக் கேடயம் அளவுக்குப் போனது, ஒன்றுமில்லை. ஆளுயரக் கேடயத்தின் கோடிக்குப் போனது. டிக். ரெண்டு விநாடி. டிக். ரெண்டு விநாடி. டிக்! இப்படித் தள்ளினால் உயிர் வந்தது, அப்படித் தள்ளினால் போனது. தலைக்குக் கரண்ட் கொண்டுபோகிற வயர் அந்தக் கோடியில் மடங்கி, சட்டத்தின் விளிம்பில் உரசி உரசித் தோல் உரிந்து, செம்பு பல்லைக் காட்டிக்கொண்டிருக்கிறது. பக்கத்து இரும்பில் நாலு கருப்புப் புள்ளி. நேர் கீழே வெல்வெட் பெட்டி அடுக்கு.

"அப்பா! அப்பா! இங்க வாங்க!"

அப்பா வந்தார். பார்த்தார். விரலால் அந்தக் கருப்பைத் தொட்டார். பிறகு என் காலடியிலிருந்து பிஸ்கட் டப்பாவை நானே எடுத்துக் காட்டினேன். காட்டாமல் கணக்கு நேராகாது.

"இதுல எத்தனை உன்னோடது?"

"ஏழு."

"வயரோடது?"

"நாலு."

"சித்தியோடது?"

"ஒண்ணுமில்லப்பா."

அவர் டப்பாவைத் திறந்து பல்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "நீ ஏழு தடவை வெளையாடலைன்னா, இந்த நாலு என்னன்னு நான் எப்பவோ பார்த்திருப்பேன்" என்றார். அது பிடுங்குவதைவிட வலித்தது. சரியாக ஐந்து மணிக்கு ஷாக் மாமா ஈயம் பத்தவைக்கும் கோலோடு வந்தார். அப்பா வயரைக் காட்டி, "நீங்க அந்தக் கம்பியப் பத்தவெச்சிருந்தா இன்னைக்கு எங்க எல்லாருக்குமே ஷாக்" என்றார். மாமா முதல் தடவையாக ஒன்றும் சொல்லவில்லை. அம்மா எல்லாருக்கும் சேர்த்துச் சொன்னாள். இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். இந்தக் கடிதத்தை ரகசியமாக அனுப்பவேண்டிய அவசியம் இனி இல்லை, அப்பா படித்து ரெண்டு ஒற்றுப்பிழை திருத்திவிட்டார்.

ஒரே வருத்தம். அந்த நாலில் ஒன்று, காலை பதினொன்று பத்து: 'வாழ்நாள் சாதனையா'. என் தலைசிறந்த படைப்பு என்னுடையதே இல்லை சித்தி! வயருடையது! அன்று காலையில் நான் அழுத்தியது 'நடனப் போ'வைத்தான் நிறுத்தியிருக்கிறது.

உரிந்த வயர்த் துண்டு அம்மா கொண்டுவரும் டப்பாவில் இருக்கிறது, மீட்டிங்கில் மேஜைமேல் வையுங்கள். கூடவே ஒரு பெரிய பொதி வரும், அம்மா தூக்கமுடியாமல் தூக்கி வருவாள். தலைமை ஆசிரியருக்கு வேறு செய்து கொடுத்தாகிவிட்டது. பழைய கேடயம் மூலையில் கிடந்தது. அப்பா புது வயர் மாட்டியதும் முதல் வேலையாக அதை எடுத்து மிஷினில் வைத்தார். 'சாதனையா'வுக்குப் பக்கத்தில் 'ளர்' சேர்த்து, கீழே 'எங்கள் வீட்டுச் சித்திக்கு' என்று செதுக்கினார். 'ளர்' மயிரிழை கீழே இறங்கித்தான் இருக்கிறது, கண்டுகொள்ளாதீர்கள். மன்னிப்பு என்ற சொல்லை அப்பாவின் மிஷினும் செதுக்கியதில்லை, அப்பாவும் சொன்னதில்லை. இதுதான் அது.

செதுக்கி முடிக்கும்வரை ஸ்விட்சும் பல்பும் என் காலடியிலேயே இருந்தன, இன்னும் கழற்றவில்லை. கட்டைவிரல் ஒரு தடவை துடித்தது. 'சாதனையாள' என்று நிறுத்தினால் எப்படி இருக்கும் என்றுகூடத் தோன்றியது. காலைத் தூக்கி நாற்காலிமேல் வைத்துக்கொண்டேன்.

என் லிமிட்டும் வேலை செய்கிறது சித்தி. மீட்டிங்கில் அதையும் சொல்லுங்கள்.