லேப்டாப் கேட்ட பாஸ்வேர்டு

தொம்மலூர், பெங்களூரு
வியாழக்கிழமை

மரியாதைக்குரிய ஸ்ரீகண்டன் அண்ணாவுக்கு, தங்கை பாமா வணக்கத்துடன் எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். அண்ணியின் முட்டிவலி தேவலையா? செவ்வாய்க்கிழமை போனில் உங்களைக் கண்டபடி பேசியதற்கு மன்னிப்புக் கேட்கவே இந்தக் கடிதம். நேரில் என்றால் எனக்கு வாய் வராது.

தீபாவளிக்கு வந்தபோது என் பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போட்டுக் கொடுத்தீர்கள். இனி நன்றாக ஓடும் என்றீர்கள். நான் நம்பவில்லை; அது உங்களுக்கும் தெரியும். செவ்வாயன்று அறுபத்து மூன்று மாணவர்களின் இன்டர்னல் மதிப்பெண்களைப் பன்னிரண்டு மணிக்குள் பல்கலைக்கழகத் தளத்தில் ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் பிள்ளைகளுக்கு ஹால் டிக்கெட் வராது, மதிப்பெண்கள் இருப்பதோ லேப்டாப்புக்குள் மட்டும். வகுப்புக்குக் கன்னடத்தில் ஓர் அறிவிப்பு அடித்து முடித்துக் காபி கலக்கப் போனேன், வந்து பார்த்தால் திரை பூட்டியிருக்கிறது, பாஸ்வேர்டு அடித்தேன், தவறு என்றது, ஒற்றை விரலால் அடித்தேன், தவறு, அணைத்துப் போட்டு அடித்தேன், அப்போதும் தவறு. உங்கள் மாப்பிள்ளை பேப்பரை இறக்காமலே, "ஏன் பாமா, உன்னையே யாருன்னு கேக்குதா? தைரியசாலிதான்" என்றார். அப்போதுதான் உங்களுக்குப் போன் செய்து, "உங்க லினக்ஸால அறுபத்து மூணு பிள்ளைங்க வாழ்க்கை போச்சு" என்று கத்தி, பதிலைக் கேட்காமல் வைத்தேன்.

மணி பதினொன்றரை. கூட்டிக்கொண்டிருந்த தாயம்மா துடைப்பத்தோடு வந்து எட்டிப் பார்த்தாள். கோலார் தங்கவயலிலிருந்து வந்து ஏழு வருடமாக நம் வீட்டில் வேலை பார்க்கிறவள்.

"அக்கா, மூலையில கே.என்.னு போட்டிருக்குதே, கன்னடமா? என் போன்லயும் மாத்த மறந்தா இப்படித்தான் ஆவும். அந்தக் கண்ணு படத்தைத் தட்டுங்க."

தட்டினேன். புள்ளிகள் எல்லாம் கன்னட எழுத்துகளாயின. அண்ணா, இருபத்து மூன்று வருடம் இயற்பியல் நடத்துகிறேன், எனக்கு உடம்பு சிலிர்த்தது. நான் ஆங்கிலம் என்று நினைத்து அடித்த ஒவ்வொன்றையும் அது கன்னடமாக வாங்கிக்கொண்டு, இது உன் பாஸ்வேர்டு இல்லை என்று சத்தியத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. ஒரு தடவைகூடப் பொய் சொல்லவில்லை. கத்தியது நான்தான்.

ஆங்கிலத்துக்கு மாற்றி அடித்தேன். கண் திறந்தே இருந்ததை மறந்துவிட்டேன். ஆங்கில எழுத்தில் நான் வைத்திருந்த தமிழைத் தாயம்மா எழுத்துக் கூட்டி உரக்கப் படித்தாள்: "இது... வேலைக்காகாது. யாரைக்கா சொல்றீங்க?" உங்கள் மாப்பிள்ளை பேப்பரை இறக்கினார்.

ஆமாம் அண்ணா. நீங்கள் லினக்ஸ் போட்ட அன்றே வைத்தது. தினம் காலையில் தன்னை இப்படிச் சொன்னவளுக்கு அது முகம் சுளிக்காமல் திறந்துவிட்டிருக்கிறது. மதிப்பெண்கள் பதினொன்று ஐம்பத்திரண்டுக்கு ஏறின. அந்தப் பெட்டியை இப்போது தொடும்போதே ஒரு மரியாதை வருகிறது. பாஸ்வேர்டையும் "அண்ணா சொன்னது சரி" என்று மாற்றிவிட்டேன்.

அண்ணிக்கு என் அன்பு. உங்கள் ஆசி என்றும் வேண்டும்.

இப்படிக்கு,
பாமா

பி.கு.: தபாலில் போடும் முன் லேப்டாப்பைத் திறக்கப் பார்த்தேன். மூலையில் ஆங்கிலம்தான். கண்ணையும் தட்டினேன், "அண்ணா சொன்னது சரி" என்று ஓர் எழுத்துப் பிசகாமல் தெரிகிறது. தவறு என்கிறது. நான்கு முறை. மாற்றியது பதிவாகவில்லை போலிருக்கிறது. கடைசியில் பழைய "இது வேலைக்காகாது" என்பதையே அடித்தேன். உடனே திறந்துவிட்டது. பொய் சொல்லாத இயந்திரம் என்று மேலே நானே எழுதியிருக்கிறேன். இனி நான் என்ன சொல்ல?